தெள்ளு மேய்த்த கோகிலவாணி

ஊற்றுமட்டம் காலனிக்குப் போய் கோகிலவாணி வீடு எது என்று கேட்டால் இரண்டு பேராவது தலையைச் சொறிவார்கள். தெள்ளு மேய்க்கிற வாணி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கையைக் காட்டுவதோடு நிற்காமல் கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். இன்றைக்கு அதே வாய்கள் அதே பெயரைத் தங்கள் சொத்து மாதிரி சொல்லிக்கொள்கின்றன. ஊர் வாய் அப்படித்தான், அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

காலனி இருப்பது கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு சரிவில். மேலே கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட படிக்கட்டுத் தோட்டங்கள், கீழே தேயிலை, நடுவில் ஓட்டு வீடுகள். வாணியின் அப்பா காத்தமுத்துவும் அம்மா ஆண்டாயியும் சின்ன வயதில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். காத்தமுத்து அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் ஆண்டாயி ஒருத்தியே பேசிவிடுவாள். கொழுந்து பறிக்கிற கை எத்தனை வேகமோ வாயும் அத்தனை வேகம்.

ஒரு காலத்தில் காலனிக்குத் தண்ணீர் என்றால் கீழே ஓடைக்குப் போய் குடத்தில் தூக்கி வர வேண்டும். மேட்டில் ஒரு நல்ல ஊற்று இருக்கிறது, அதிலிருந்து குழாய் போட்டுக் கொடு என்று ஆண்டாயி நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்தவர்கள் நாளைக்கு வா என்றார்கள். நாளைக்கு எதற்கு வரவேண்டும், இங்கேயே இருக்கிறோம் என்று அடுப்புச் சாமானோடு உட்கார்ந்துவிட்டாள். குழாய் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த வாணி, முதல் தண்ணீர் பீறிட்டு விழுந்ததைப் பார்த்தாள். அன்றிலிருந்து அது காலனிக்காரர்களுக்கு ஆண்டாயியின் ஊற்று.

மகள் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்தவள். வகுப்பில் ஆசிரியர் ஒன்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஊட்டியில் விலங்கியல் படித்து, கோயம்புத்தூரில் மேற்படிப்பும் முடித்தாள். காலனியிலிருந்து அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் என்பதால் டாக்டராகவோ கலெக்டராகவோ வருவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவளோ குன்னூர்ச் சாலையில் உள்ள ஒரு சின்ன அரசு நச்சியல் ஆய்வுக்கூடத்தில், தண்ணீரில் வாழும் தெள்ளுப்பூச்சிகளை வளர்க்கிற ஒப்பந்த வேலைக்குப் போனாள். ஆண்டாயி நம்பவில்லை. இரண்டு பட்டம் வாங்கிவிட்டுப் பூச்சிக்குத் தீனி போடுகிறாளா என்று குழாயடியில் கேட்டார்கள். பட்டப்பெயர் அங்கேதான் பிறந்தது.

வேலை என்னவோ அப்படிச் சிரிக்கிற வேலை இல்லை. புதிதாக ஒரு பூச்சிமருந்தோ, கொசுவத்தியோ, தரை துடைக்கிற திரவமோ கடைக்கு வருவதற்கு முன்னால் அது எவ்வளவு விஷம் என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். மனிதனுக்குக் கொடுத்துப் பார்க்க முடியாது. அதனால் முதலில் தெள்ளுப்பூச்சிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். எள்ளில் பாதி இருக்கும். உடம்பு கண்ணாடி, நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் துடிப்பதே தெரியும். நல்ல தண்ணீரில் குதித்துக் குதித்து நீந்தும். கண்ணுக்குத் தெரியாத அளவு விஷம் கலந்திருந்தாலும் தடுமாறி அடியில் விழுந்துவிடும்.

ஒவ்வொரு சோதனையிலும் மருந்து கலந்த ஜாடிகளுக்குப் பக்கத்தில் ஒன்றுமே கலக்காத ஒரு ஜாடியும் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அதைச் சும்மா ஜாடி என்பார்கள். பெயர்தான் சும்மா, மரியாதை எல்லாம் அதற்குத்தான். அதில் உள்ள பூச்சிகள் உயிரோடு இருந்தால்தான் மற்ற ஜாடிகளில் செத்தவை மருந்தால் செத்தன என்று சொல்ல முடியும். சும்மா ஜாடியில் பூச்சி விழுந்தால் சோதனை முழுவதும் செல்லாது. அந்த ஜாடிக்கான தண்ணீரை ஆரம்ப நாளிலிருந்தே ஊற்றுமட்டத்து ஊற்றிலிருந்துதான் எடுத்தார்கள். மாவட்டத்தில் அதைவிடச் சுத்தமான தண்ணீர் கிடையாது என்பது அங்கே எல்லாருக்கும் முடிவான விஷயம். ஜீப் ஓட்டுநர் பிராங்ளின் வாரா வாரம் கேன்களில் பிடித்து வருவார். தன் அம்மா வாங்கிக் கொடுத்த தண்ணீர் அரசாங்கத்துக்கே அளவுகோல் என்பதில் வாணிக்குச் சொல்ல முடியாத கர்வம்.

அந்தச் சும்மா ஜாடியில்தான் பூச்சிகள் விழ ஆரம்பித்தன.

முதல் தடவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது தடவை ஆயுதபூஜை முடிந்த வாரம். கருவிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்து, அறை முழுக்கச் சாம்பிராணி போட்டிருந்தார்கள். பழி சாம்பிராணி மேல் விழுந்தது. அடுத்த முறை சாம்பிராணி இல்லை, பூச்சிகள் விழுந்தன. அப்புறம் பழி வாணியின் தலைக்கு வந்தது, அதாவது தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய்க்கு. எண்ணெயை விட்டாள். பவுடரை விட்டாள். கண்ணாடிச் சாமான்களைத் தானே அமிலத்தில் கழுவிக் காய வைத்தாள். சில வாரம் நன்றாக இருக்கும், நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் மறுபடியும் ஜாடியின் அடியில் வெள்ளைப் புள்ளிகளாகக் கிடக்கும்.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் குமாரசாமி கோயம்புத்தூர்க்காரர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். ஒருநாள் அவளை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். டெல்லியிலிருந்து அங்கீகாரக் குழு வரப்போகிறது. சும்மா ஜாடியையே உயிரோடு வைத்துக்கொள்ளத் தெரியாத இடத்துக்கு அங்கீகாரம் கிடைக்காது. கிடைக்காவிட்டால் பூச்சிப் பிரிவை மூடுவார்கள், வாணியின் ஒப்பந்தமும் அதோடு முடியும். அவர் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவர் வருத்தப்பட்டதால் எழுந்து வந்துவிட்டாள். தன் கை ராசியில்லாத கை என்று அவளே பாதி நம்பத் தொடங்கியிருந்தாள்.

அன்று மதியம் விழுந்த பூச்சிகளைக் கொட்டிக் கழுவ வேண்டிய வேலை இருந்தது. விதிப்படி அவை செல்லாத சோதனையின் செல்லாத பூச்சிகள். அவளுக்குக் கை வரவில்லை. கிருமி நாசினியில் கொட்டுவதற்குப் பதிலாக, ஜீப் பேட்டரிக்கென்று பிராங்ளின் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரில் பூச்சிக்கு வேண்டிய வழக்கமான உப்புகளைக் கலந்து, அதில் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று பின்னால் டெல்லிக் குழு கேட்டபோது, பாவமாக இருந்தது என்று சொன்னாள். அவர்கள் அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதிக்கொண்டார்களோ தெரியாது.

மறுநாள் காலையில் அந்த ஜாடியில் பூச்சிகள் நீந்திக்கொண்டிருந்தன. எல்லாம் இல்லை, பாதிக்கு மேல். அடியில் கிடந்தவை எழுந்து, பழையபடி குதித்துக் குதித்து வெளிச்சத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தன. வாணி போட்ட சத்தத்தில் என்னவோ ஏதோ என்று பிராங்ளின் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த குழாயை மூடாமலேயே ஓடிவந்தார்.

குமாரசாமி நுண்ணோக்கியில் வைத்த கண்ணை வெகுநேரம் எடுக்கவில்லை.

"செத்தது எந்திரிக்காதும்மா," என்றார். "இது மயங்கிக் கெடந்து எந்திரிச்சிருக்குது."

நரம்பைப் பிடிக்கிற விஷங்களில் பெரும்பாலானவை பிடித்தால் விடாது. ஒரே ஒரு குடும்பம் மட்டும் பிடித்துவிட்டு, நல்ல தண்ணீருக்கு மாற்றினால் பிடியைத் தளர்த்தும். இது அவர் படிக்கிற காலத்தில் படித்தது. சாம்பிராணிக்கு அந்தக் குணம் கிடையாது. தேங்காய் எண்ணெய்க்கும் கிடையாது.

"அப்ப என் கையில ஒண்ணும் இல்லிங்க சார். தண்ணியிலதான் இருக்கு," என்றாள் வாணி.

சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் எந்தத் தண்ணீர் என்று உறைத்தது. அதே தண்ணீரில்தான் காலையில் அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருந்தாள். பால்வாடிப் பிள்ளைகள் அதே குழாயில்தான் வாய் வைத்துக் குடிக்கின்றன.

வேதியியல் பிரிவில் இருந்தவள் ஹன்னா. குன்னூரிலேயே பிறந்து வளர்ந்தவள், தன் கருவியைத் தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறவள். அந்த ஊற்றுத் தண்ணீரைத் தவறாமல் பரிசோதித்துச் சுத்தம் என்று அறிக்கை கொடுத்து வந்தவளும் அவள்தான். பூச்சி எழுந்த கதையைக் கேட்டதும் முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. என் கருவி பொய் சொல்லுதா என்று கேட்டாள். வாணியும் விடவில்லை, என் பூச்சி பொய் சொல்லுதா என்று கேட்டாள். குமாரசாமி இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்தக் குடும்பத்து மருந்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார்.

ஹன்னா சொல்லிக்கொண்டே வந்து ஒரு பெயரில் நின்றுவிட்டாள். அது ஒரு குருணை மருந்து. கிழங்குப் பாத்தியில் மண்ணோடு கலந்து தூவுவது, தண்ணீரில் நன்றாகக் கரையக் கூடியது. ஒரு காலத்தில் மலை முழுக்கத் தூவினார்கள். அப்புறம் அரசாங்கம் தடை செய்தது. தடை செய்த பிறகு அதை யாரும் விற்க முடியாது, வாங்க முடியாது. விற்காத மருந்தை எதற்குத் தேடுவது என்று ஆய்வுக்கூடமும் தேடுவதை நிறுத்திவிட்டது. கருவி பாவம், தேடச் சொன்னதைத்தான் தேடும்.

"தடை பண்ணியாச்சு, இனி ஊருல இருக்காதுன்னு நாமளே முடிவு பண்ணிட்டோம்," என்றாள் ஹன்னா. கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க அந்த மருந்தின் மாதிரி ஒரு சிட்டிகை கோயம்புத்தூரிலிருந்து வந்தது. ஹன்னா கருவியில் ஊற்றுத் தண்ணீரை ஏற்றினாள். திரையில் நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு, எழும்ப வேண்டிய இடத்தில் மிகச் சரியாக எழும்பி இறங்கியது. வாணி ஜெயித்துவிட்டாள். ஆனாலும் அந்த அறையில் யாரும் கைதட்டவில்லை. பெரியவர்களை உடனே விழத்தட்டுகிற அளவு இல்லை, ஆனால் பிள்ளைகள் தினமும் குடிக்கக் கூடாத அளவு என்று குமாரசாமி கணக்குப் போட்டுச் சொன்னார். காலனிப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வந்த வயிற்று வலியும் தலைச்சுற்றலும் வாணிக்கு நினைவு வந்தன. சத்தில்லாத பிள்ளைகள் என்று எல்லாரும் சொல்லி வந்தார்கள், அவளும் சொல்லியிருக்கிறாள்.

எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மூன்று பேரும் ஊற்றுக்கு மேலே ஏறினார்கள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆற்றோரத்தில் கேரட் கழுவக் கூடாது என்று உத்தரவு வந்த பிறகு, கருணாகரன் என்ற காரமடை வியாபாரி கேரட் கழுவுகிற இயந்திரத்தை மேட்டுக்கு மாற்றியிருந்தார். சுற்றிலும் குத்தகைக்கு எடுத்த கேரட் தோட்டங்கள். கழுவிய சேற்றுத்தண்ணீர் ஒரு குழியில் விழுந்து மண்ணுக்குள் இறங்கியது. அந்தக் குழிக்கு நேர் கீழே ஊற்றுக்கண். கழுவுகிற வாரங்களில் பூச்சி விழுந்தது, கழுவாத வாரங்களில் பிழைத்தது. அவ்வளவுதான் விஷயம். ஆற்றைக் காப்பாற்றப் போய் ஊற்றைக் கெடுத்திருந்தார்கள்.

மாவட்ட நிர்வாகம் அறிக்கையைப் பார்த்ததும் கழுவுகிற இடத்தை நிறுத்தியது, ஊற்றுக் குழாயையும் மூடியது. நல்ல கோடைக்காலம். காலனிக்கு லாரியில் தண்ணீர் வந்தது, வராத நாளும் இருந்தது. வாணி தெருவில் நடந்தால் காலிக் குடங்கள் அவள் காதுபடப் பேசின. ஒரு பூச்சி செத்ததற்கு ஊர்த் தண்ணீரை நிறுத்திவிட்டாளே என்றார்கள். அதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். தாங்க முடியாதது வீட்டுக்குள் இருந்தது.

"ஊரே குடிச்சு வளந்த தண்ணிய வெசமுன்னு எழுதிக் குடுத்திட்டு வந்து நிக்கிற. நீயும் அதத்தான்டி குடிச்ச," என்றாள் ஆண்டாயி.

"குடிச்சதாலதாம்மா எழுதிக் குடுத்தேன்."

அன்றோடு ஆண்டாயி மகளிடம் பேச்சை நிறுத்தினாள். அத்தனை பேச்சுப் பேசுகிறவள் வாயை மூடினால் வீடு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சோற்றுத் தட்டை டொக்கென்று வைக்கிற சத்தம் மட்டும்தான். காத்தமுத்து நடுவில் மாட்டிக்கொண்டு, வாழ்நாளில் இல்லாத வழக்கமாக வானிலை பற்றியெல்லாம் பேசிப் பார்த்தார்.

வாணி யோசித்தாள். அறிக்கையைக் காட்டிப் பயனில்லை, அதில் உள்ள எண்களை அம்மாவால் குடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனி சமுதாயக்கூடத்தில் ஒரு மேஜையைப் போட்டாள். மேலே மூன்று கண்ணாடித் தம்ளர்கள். குமாரசாமியும் ஹன்னாவும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே ஊரே வந்தது. ஆண்டாயி கதவோரத்தில் முதுகைக் காட்டி நின்றாள். கருணாகரனும் வந்திருந்தார், தோளில் துண்டு, கையில் தண்ணீர் பாட்டில்.

"ஏனுங்க அம்மிணி, கழுவுன தண்ணி மண்ணுக்குள்ள எறங்குனா சுத்தமாயிருமுங்க," என்றார் அவர். "உங்க மிசினை நா நம்பறதுக்கில்லைங்க. இது எங்க குழித் தண்ணி. நானே மோந்துட்டு வந்தனுங்க."

அவர் கோபத்தில் கொண்டு வந்தது வாணிக்கு நல்லதாகப் போயிற்று. முதல் தம்ளரில் மழைத்தண்ணீர், இரண்டாவதில் மூடுவதற்கு முன்னால் பிடித்து வைத்த ஊற்றுத் தண்ணீர், மூன்றாவதில் அவர் கையாலேயே ஊற்றிய குழித் தண்ணீர். மூன்றிலும் பூச்சிகளை விட்டாள். பிள்ளைகள் மேஜையைச் சுற்றி மூக்கை வைத்துக்கொண்டு நின்றார்கள். மூன்றிலும் பூச்சிகள் குதித்தன. பார்த்தியா என்று யாரோ சிரித்தார்கள். ஹன்னா எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுக்கத் தொடங்கினாள். டீ கடைசி வரிசைக்குப் போவதற்குள் முன்வரிசைப் பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். குழித் தண்ணீரில் பூச்சிகள் தலைகீழாகச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொன்றாக அடியில் படுத்துக்கொண்டிருந்தன.

ஊற்றுத் தண்ணீரில் நேரமானது. பெண்கள் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். ஒவ்வொரு தடவை வரும்போதும் குதிப்பவை குறைந்திருந்தன. மழைத்தண்ணீர்த் தம்ளரில் மட்டும் ஒன்றும் குறையவில்லை. காத்தமுத்து மேஜைக்குப் பக்கத்தில் வந்து இரண்டு தம்ளர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கைப்பிள்ளைக்குப் பால்மாவு கரைக்கிறதும் இதுலதானே," என்றார்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கருணாகரன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரும் அவருடைய ஆட்களும் தோட்டத்தில் குடித்ததும் அதே ஊற்றுத் தண்ணீர்தான்.

"குருணைங்க," என்றார். "எல்லை தாண்டி ஒருத்தன் மூட்டையாக் கொண்டாந்தானுங்க. மூட்டையில பேரே இல்லைங்க. வேருல விழுகுற நூற்புழுவுக்கு நல்லாக் கேக்குமுன்னு சொன்னான், நானும் வாங்கித் தூவிப்போட்டனுங்க."

அந்த இடத்தில் அவரை ஊர் அடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அடிக்கவில்லை, காரணம் ஆண்டாயி. அவள் கதவோரத்திலிருந்து நேராக மேஜைக்கு வந்து, ஊற்றுத் தண்ணீர்த் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அடியில் கிடந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை. தெருவில் இறங்கிக் குழாயடிக்குப் போய், வாடிக்கையாக அங்கே இருக்கும் தன் குடத்தை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தாள். திரும்பி வந்து மகளுக்கு முன்னால் நின்றாள்.

"மூடத் தெரிஞ்சவளுக்குத் தொறக்கவும் தெரியணும்," என்றாள். "அதுவரைக்கும் அந்தக் குடம் அப்படியே கெடக்கட்டும்."

அம்மா பேசிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் வாணி உடனே தலையாட்டிவிட்டாள். ஆட்டிய பிறகுதான் எத்தனை பெரிய வேலைக்குத் தலையாட்டியிருக்கிறோம் என்று தெரிந்தது. தண்ணீரில் விஷம் இருக்கிறது என்று சொல்வது ஆய்வுக்கூடத்தின் வேலை. விஷத்தை வெளியே எடுப்பது யாருடைய வேலை என்று அரசாங்கத்தில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு அலுவலகமும் இன்னொரு அலுவலகத்தைக் கை காட்டியது. வாணி அம்மாவின் வழியைப் பிடித்தாள். நாளைக்கு வா என்ற இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அடுப்பு மட்டும்தான் கொண்டு போகவில்லை.

குழியின் சேற்றை அடிவரைக்கும் வெட்டியெடுத்துப் பீப்பாய்களில் அடைத்து மலையை விட்டு இறக்கினார்கள். கருணாகரன் தன் மேல் போட்ட வழக்குக்கு நடந்துகொண்டே இந்தப் பக்கம் உதவிக்கும் நின்றார். எந்தெந்தத் தோட்டத்தில் குருணை போட்டார், யார் யார் அதே ஆளிடம் மூட்டை வாங்கினார்கள் என்று வாணியையும் வேளாண்மை அலுவலரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். சிலர் கொடுத்தார்கள். சிலர் எங்களிடம் ஏது என்றார்கள். அப்படிச் சொன்னவர்களிடம் அவர் தன் கதையைச் சொல்வார், சொல்லும்போது குரல் இறங்கிவிடும். கேட்டவர்கள் உள்ளே போய் மூட்டையைத் தூக்கி வருவார்கள். விற்ற ஆளும் கடைசியில் அகப்பட்டான். புதிய கழுவும் இடம் பள்ளத்தில், சிமெண்ட் தொட்டிகளோடு வந்தது. தண்ணீரைத் தேக்கிச் சுத்தப்படுத்தித் திரும்பவும் அதிலேயே கழுவ வேண்டும் என்பது நிபந்தனை.

நடுவில் டெல்லிக் குழு வந்தது. சும்மா ஜாடியில் பூச்சிகள் விழுந்ததை மறைக்காமல், முதல் வேலையாக அதையே எடுத்து வைத்தார் குமாரசாமி. குழுவில் இருந்த மூத்த பெண்மணி, எழுந்த பூச்சிகளைப் பற்றி இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அங்கீகாரம் கிடைத்தது. அதோடு ஒரு புதுப் பழக்கமும் ஏற்பட்டது. தடை செய்த மருந்துகளையும் ஹன்னாவின் கருவி தேட வேண்டும், மலையில் உள்ள குடிநீர் ஊற்றுகளைக் கோகிலவாணியின் பூச்சிகள் பார்க்க வேண்டும். பிராங்ளின் ஜீப்பில் ஜாடிகளோடு அவள் ஜெகதளா பக்கமும் பைக்காரா பக்கமும் போனாள். இன்னும் இரண்டு ஊற்றுகளில் பூச்சி விழுந்தது. அந்த இரண்டும் யாருக்கும் கெடுதல் வருவதற்குள் மூடப்பட்டன. ஒப்பந்தம் என்ற பேச்சே போய், அவளுக்கு நிரந்தர வேலை வந்தது. இவ்வளவும் நடந்தும் குழாயடியில் அம்மாவின் குடம் கவிழ்ந்தே கிடந்தது.

ஊற்றுமட்டத்துத் தண்ணீரை அவள் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆடி மழை பெய்து மண்ணைக் கழுவியது, பூச்சிகள் விழுந்தன. ஐப்பசி மழை பெய்தது, விழுந்தன, ஆனால் தாமதமாக விழுந்தன. பனிக்காலம் போய் மறுபடி கோடை வந்து, அடுத்த ஆடியும் கொட்டித் தீர்த்தது. ஹன்னாவின் திரையில் கோடு எழும்பாமல் நேராகவே போனது. குடிக்கலாம் என்று உத்தரவு வந்தது. அதிகாரி ஒருவர் காரில் வந்து, குழாயைத் திறந்துவைக்க மாலையும் கையுமாக நின்றார்.

காலனிக்காரர்கள் திறக்க விடவில்லை. காகிதத்தில் முன்பும் சுத்தம் என்றுதான் எழுதியிருந்தீர்கள், வாணியின் பூச்சி சொல்லட்டும், அப்புறம் குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். தெள்ளு மேய்க்கிறவள் என்று முதன்முதலில் சொன்ன கிழவிதான் அதைச் சொன்னாள். அதிகாரிக்கு முகம் சுருங்கியது. குமாரசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர்கள் கேட்பது நியாயம்தான் என்றார்.

அதே சமுதாயக்கூடம், அதே மேஜை. இந்தத் தடவை ஒரே ஒரு ஜாடி, நிறைய ஊற்றுத் தண்ணீர். வாணி பூச்சிகளை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். இரண்டு வருஷமாக நூறு ஜாடிகளை வைத்து எடுத்தாயிற்று. விழுந்தால் விழட்டும் என்று எத்தனையோ தடவை தைரியமாகப் பார்த்தவள், அன்று தன் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டாள். ஜாடியை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள கருணாகரனே வந்து வாசலில் உட்கார்ந்தார்.

மறுநாள் விடிந்ததும் வாணி போவதற்கு முன்னால் ஆண்டாயி போய்விட்டாள். வாணி உள்ளே நுழைந்தபோது அம்மா ஜாடியை ஒட்டிக் குனிந்து நின்றாள். பக்கத்தில் காத்தமுத்து, பின்னால் பாதி ஊர்.

"நேத்து நீ விட்டது இத்தனை இல்லையேடி," என்றாள் ஆண்டாயி.

வாணி பாய்ந்து போய்ப் பார்த்தாள். பெரியவை எல்லாம் குதித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில், தூசியோ என்று சந்தேகப்படுகிற அளவில், புதிதாகப் பிறந்த குஞ்சுகள் ஜாடி முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் பிடிக்காவிட்டால் தெள்ளுப்பூச்சி குஞ்சு பொரிக்காது. வாணி தன் அம்மாவைப் போலவே, அழுகையை மறைக்காமல் அழுதாள்.

"குட்டி போட்டிருக்கு," என்று ஊருக்குக் கேட்கும்படி சொன்னாள் ஆண்டாயி. அப்புறம் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கவிழ்ந்து கிடந்த குடத்தை நிமிர்த்தித் தேய்த்துக் கழுவி, குழாய்க்கு நேராக வைத்தாள். அதிகாரி வாங்கி வந்து வாடிப்போன மாலை குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து, கூச்சப்படக் கூடப் பொழுது கொடுக்காமல், மகளின் கழுத்தில் போட்டாள்.

"நீதானே மூடின. நீயே தொற."

வாணி திறந்தாள். முதலில் காற்று வந்தது, அப்புறம் துருப்பிடித்த சிவப்பு வந்தது, அப்புறம் தண்ணீர் பீறிட்டு விழுந்தது. முதல் தம்ளரை ஆண்டாயி மகளுக்குக் கொடுத்தாள். வாணி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல், ஒரே மூச்சில் குடித்தாள். அன்று காலையில் ஊற்றுமட்டத்தில் எல்லா வீட்டிலும் இரண்டு தடவை தேத்தண்ணி போட்டார்கள்.